பாம்புக்கு இரையிடுதல்

சிராவண மாதத்து வளர்பிறையின் ஐந்தாம் நாள் நாகபஞ்சமி. மகாராஷ்டிரத்தில் அன்று வீடுதோறும் நாகத்தின் உருவத்தைப் பலகையில் வரைந்தோ, மண்ணில் பிடித்துவைத்தோ, மஞ்சளும் குங்குமமும் இட்டுப் பாலும் சோளப்பொரியும் படைக்கின்றனர். பழைய வழக்கம் தவறாத இல்லங்களில் அன்று காய் நறுக்கக் கத்தியைத் தொடுவதில்லை. கல்லை அடுப்பில் ஏற்றுவதில்லை. உழவர் ஏர் பூட்டுவதில்லை. பூரணத்தை உள்ளே வைத்து ஆவியில் அவித்த 'திண்ட்' என்னும் பண்டமே அன்றைய விருந்து. அதனை உண்டு பார்த்த தமிழர், நம் ஊர்க் கொழுக்கட்டைக்கு வடநாட்டில் ஓர் உறவினர் இருப்பதை அறிந்து மகிழ்வர்.

இவ்வழிபாடு நமக்குப் புதியதன்று. ஆடி வெள்ளியில் புற்றுக்குப் பால் வார்ப்பதும், முட்டை வைப்பதும் நம் தாய்மார் வழிவழியாகச் செய்து வருவனவே. ஆகவே புனே நகரத்துத் தெருவில் கூடை தூக்கிய காருடி ஒருவன் (பாம்பாட்டியை மராட்டியர் அழைக்கும் பெயர் இது) வாயிற்படியில் வந்து நின்று, 'நாகத்துக்குப் பால் வாருங்கள், அம்மா' என்று கேட்கும்போது, ராஸ்தா பேட்டையிலோ கிர்க்கியிலோ வாழும் தமிழ் இல்லத்தரசிக்கு மறுக்க மனம் வருவதில்லை. முன்னாளில் இக்காட்சி மிகுதி. இந்நாளில் வனத்துறையின் கண்காணிப்பால் அருகிவிட்டது. எனினும் அடியோடு ஒழிந்துவிடவில்லை. பாம்பு எதை உண்ணும், எவ்வாறு உண்ணும், உண்ணும் வேளையில் என்ன தீங்குகள் நேரக்கூடும் என்பவற்றை இந்தப் பால் கிண்ணத்திலிருந்தே தொடங்கி ஆராய்வோம்.

பாம்பு ஊனுண்ணும் உயிர். எலி, தவளை, ஓணான், பறவை, முட்டை, மீன், சிற்சில இனங்களுக்குப் பிற பாம்புகள். இவையே அதன் உணவு. தானியமும் கனியும் அதற்கு உணவல்ல. பாலூட்டி இனத்தைச் சாராத உயிராதலால் பால் அதன் வாழ்வில் எக்காலத்தும் இடம் பெறவில்லை. பாலைச் செரிப்பதற்குரிய அமைப்பும் அதன் குடலில் இல்லை. அப்படியாயின், பாம்பாட்டியின் நாகம் பாலைக் குடிப்பதை நாம் கண்ணாரக் காண்கிறோமே என்று கேட்கலாம். உண்மைதான், குடிக்கிறது. பல நாள், சில வேளை பல வாரம், தண்ணீரின்றிக் கூடைக்குள் அடைத்து வைக்கப்பட்ட உயிர், முன்னால் வைத்த நீர்மம் எதுவாயினும் குடிக்கும். அது பாலை விரும்பிக் குடிப்பதன்று, தாகத்தால் குடிப்பது. குடித்த பால் செரியாமல் குடலைக் கெடுக்கிறது. தலையை அழுத்திப் பிடித்து வாயில் வார்க்கும்போது மூச்சுக்குழலுள் புகுந்து நுரையீரலை அழற்சியுறச் செய்கிறது. படத்தின்மீது தூவும் மஞ்சளும் குங்குமமும் கண்ணிலும் மூக்கிலும் படிந்து புண்ணாக்குகின்றன. நச்சுப்பற்களை இடுக்கியால் பிடுங்குவதும், வாயைத் தைப்பதும் இத்தொழிலில் நடந்து வந்த கொடுமைகள். இவ்வாறு ஆளான நாகங்களுள் பல அத்திருநாளைத் தாண்டிச் சில வாரங்கூட உயிர் வாழ்வதில்லை.

பல் பிடுங்கிய பாம்பு தீங்கற்றது என்ற எண்ணமும் தவறு. நச்சுப்பல் விழுந்தால் அதன் பின்னே காத்திருக்கும் மாற்றுப்பல் சில வாரங்களில் முன்வந்து நிற்கும். கூடைக்கு அருகே குழந்தையைக் கொண்டுசென்று தொட்டு வணங்கச் செய்யும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்ப்பது நலம்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. நல்ல பாம்பும் மலைப்பாம்பும் அதன் முதற் பட்டியலில் இடம் பெற்றுள்ளன. 2022ஆம் ஆண்டில் திருத்தப்பெற்று 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, முதற் பட்டியல் உயிரைப் பிடிப்போருக்கு மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறையும், இருபத்தையாயிரம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. சாங்லி மாவட்டத்துப் பத்தீஸ் சிராளா என்னும் ஊர், நாகபஞ்சமியன்று உயிருள்ள நாகங்களை ஊர்வலமாகக் கொண்டுசெல்வதற்கு நாடெங்கும் பேர் பெற்றது. மும்பை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு அவ்வூர்வலத்தின் இயல்பே மாறிவிட்டது. ஊராரின் பக்திக்கும் சட்டத்துக்கும் இடையே அங்கு இன்னும் வழக்காடல் ஓய்ந்தபாடில்லை. நம்மைக் கேட்டால், கல்லிலும் மண்ணிலும் செய்த நாகத்துக்குப் படைத்த பால் பூசைக்கும் குறைவில்லை, பாம்புக்கும் கேடில்லை என்போம்.

புனேயில் குடியேறியவர்க்கு மற்றோர் இடர் மொழியினால் வருகிறது. அண்டை வீட்டார் 'தாமண் வந்திருக்கிறது' என்று கூவினால் ஓடுவதா, நிற்பதா என்று தெரியாமல் விழிப்போரைக் கண்டிருக்கிறோம். தாமண் என்பது நம் சாரைப்பாம்பு, நஞ்சற்றது, எலிகளைத் தின்று உழவனுக்கு உதவுவது. திவட் என்பது தண்ணீர்ப்பாம்பு. கடித்தால் குருதி வரும், நஞ்சு இல்லை. அஜ்கர் மலைப்பாம்பு. மாண்டூள் மண்ணுளிப்பாம்பு. இனி அஞ்சத்தக்க நான்கு: நாக் என்பது நல்ல பாம்பு; மண்யார் என்பது கட்டுவிரியன்; கோணஸ் என்பது கண்ணாடி விரியன்; புர்ஸே என்பது சுருட்டை விரியன். இந்நான்கு மராட்டிச் சொற்களையும் வீட்டிலுள்ள அனைவரும், குறிப்பாகப் பள்ளிக்குச் செல்லும் சிறுவர்கள், மனத்தில் பதித்துக்கொள்ளுதல் வேண்டும்.

பாம்புகளைப் பற்றிய அறிவு இந்நகரில் பரவியதற்குக் காத்ரஜ் பாம்புப் பண்ணை ஒரு முதன்மையான காரணம். 1980ஆம் ஆண்டில் நீலிம்குமார் கைரே என்னும் இளைஞர், கண்ணாடி அறை ஒன்றில் 72 நச்சுப்பாம்புகளுடன் 72 மணி நேரம் தங்கியிருந்து உலகத்தின் கவனத்தை ஈர்த்தார். பாம்பு வலிய வந்து கடிப்பதில்லை என்பதை மக்களுக்கு உணர்த்துவதே அவரது நோக்கம். அவருடைய முயற்சியினால் 1986இல் காத்ரஜ் ஏரிக்கரையில் மாநகராட்சியின் சார்பில் பாம்புப் பண்ணை தோன்றிற்று. பின்னர் அதனைச் சூழ்ந்து ராஜீவ் காந்தி விலங்கியல் பூங்கா வளர்ந்தது. பழைய பேஷ்வே பூங்காவின் விலங்குகளும் அங்கே குடிபெயர்ந்தன. சென்னைக் கிண்டியிலுள்ள பாம்புப் பண்ணையை ரோமுலஸ் விட்டேக்கர் 1972இல் நிறுவியதை நினைவிற் கொண்டால், இவ்விரு நகரங்களும் இத்துறையில் ஒன்றுக்கொன்று இளைத்தவை அல்ல என்பது புலப்படும்.

காத்ரஜுக்குச் சென்று கண்ணாடிக்கு அப்பால் சுருண்டு கிடக்கும் பாம்பைக் கண்டுவரும் இளைஞர் சிலர், வீட்டிலும் ஒன்று வளர்த்தால் என்ன என்று எண்ணத் தொடங்குகின்றனர். நம் நாட்டுக் காட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்தல் சட்டத்துக்குப் புறம்பு. அதில் பேச்சுக்கு இடமில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து பந்துபோற் சுருண்டுகொள்ளும் 'பால் பைத்தான்', அமெரிக்காவின் 'கார்ன் ஸ்நேக்' போன்ற அயல்நாட்டு இனங்களையே சிலர் வளர்க்கின்றனர். இவற்றுள்ளும் உலக நாடுகளின் உடன்படிக்கைப் பட்டியலில் அடங்கிய இனங்களை, பால் பைத்தான் அவற்றுள் ஒன்று, 2024ஆம் ஆண்டு வெளியான விதிகளின்படி நடுவண் அரசின் 'பரிவேஷ்' இணையவாயிலில் பதிவு செய்தாக வேண்டும். பாம்பு வளர்க்குமாறு நாம் எவரையும் தூண்டவில்லை. ஆனால் வீட்டுப் பிள்ளை ஒருவன் வளர்க்கத் தொடங்கிவிட்டான் என்றால், பெரியோர் செய்யத்தக்கது அவனைத் திட்டுவதன்று. இரையிடும் முறையை அவன் சரியாக அறிந்திருக்கிறானா என்று பார்ப்பது. ஏனெனில் வளர்ப்புப் பாம்பினால் வரும் தீங்குகளில் பெரும்பகுதி இரையிடும் வேளையில்தான் நேர்கின்றன.

முதலில் பாம்பின் வாயமைப்பை அறிந்துகொள்வோம். நம் கீழ்த்தாடை முன்புறம் ஒன்றாகப் பொருந்தியது. பாம்பின் கீழ்த்தாடையோ இடம் வலம் என இரண்டாகப் பிரிந்து, நீளும் தசைநாரால் மட்டும் பிணைக்கப்பட்டது. மண்டையோட்டுடன் அது சேரும் இடத்திலும் அசையும் எலும்பு ஒன்று உண்டு. ஆகவே தன் தலையினும் பெரிய இரையைப் பாம்பு மாறி மாறி இரு பக்கமும் நகர்த்தி உள்ளே இழுத்துக்கொள்கிறது. பற்கள் யாவும் தொண்டையை நோக்கி வளைந்தவை. உள்ளே செல்லும் இரைக்கு வழிவிடும், வெளியே வருவதைத் தடுக்கும். விழுங்கும்போது மூச்சு முட்டாதிருக்க மூச்சுக்குழலின் வாய் முன்னே நீண்டு வாயின் அடிப்பகுதியில் வந்து நிற்கும். இச்சிறு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் எச்சரிக்கைகளின் காரணம் தானே விளங்கும்.

இரை எலியே. அதுவும் பண்ணையில் வளர்த்து, துன்பமின்றிக் கொன்று, உறையவைக்கப்பட்ட எலியே சிறந்தது. வீட்டுப் பொறியில் சிக்கிய எலியைக் கொடுத்தல் ஆகாது. அது எங்கேனும் எலிப்பாஷாணம் தின்றிருக்கலாம். குருதி உறையாமற் செய்யும் அந்நஞ்சு பாம்பின் உடலிலும் சேரும். ஒட்டுண்ணிகளும் அதனுடன் வரும். இரையின் பருமன், பாம்பின் உடல் மிகத் தடித்த இடத்தின் பருமனுக்கு ஒத்திருத்தல் போதும். அதனினும் பெரிது வேண்டா. குட்டிகளுக்கு ஐந்து முதல் ஏழு நாளைக்கு ஒரு முறையும், வளர்ந்த கார்ன் ஸ்நேக்குக்குப் பத்து முதல் பதினான்கு நாளைக்கு ஒரு முறையும், வளர்ந்த பால் பைத்தானுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறையும் இட்டால் போதுமானது. விருந்தோம்பலில் பேர் பெற்ற நம்மவர்க்கு இது கஞ்சத்தனமாகத் தோன்றலாம். ஆனால் கூண்டுப் பாம்புகள் பட்டினியால் இறப்பதைவிட மிகையூண் கொழுப்பினால் நலிவதே மிகுதி.

உறைந்த எலியை முதல் நாள் இரவே குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிட வேண்டும். மறுநாள் நெகிழி உறையில் இட்டு, வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தி, உயிருள்ள எலியின் சூட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்குக் கொண்டுவர வேண்டும். பால் பைத்தான் தன் மேலுதட்டுக் குழிகளால் வெப்பத்தை உணர்ந்தே இரையை அறிகிறது. குளிர்ந்த எலியை அது பல வேளை பொருட்படுத்தாது. நுண்ணலை அடுப்பில் சூடாக்குதல் கூடவே கூடாது. உட்புறம் வெந்து வெளிப்புறம் குளிர்ந்திருக்கும். சில வேளை வயிறு வெடித்தும் போகும். அந்த அடுப்பிலேதான் மறுநாள் வீட்டாரின் உணவும் சூடாகப் போகிறது என்பதையும் சேர்த்து எண்ணுக. எலிக்கெனத் தனிப் பாத்திரம், தனி இடுக்கி, கூடுமாயின் தனிக் குளிர்ப்பெட்டி இவை இருத்தல் வேண்டும்.

உயிருள்ள எலியைக் கூண்டில் விட்டுவிட்டு அப்பால் செல்வதே மிகப் பெரிய பிழை. பாம்பு எலியைத் தின்னும் என்பதை அனைவரும் அறிவர். பசியில்லாத பாம்பை எலி தின்னும் என்பதைப் பலர் அறியார். தோலுரிக்கும் நிலையிலோ குளிரிலோ சோர்ந்து கிடக்கும் பாம்பின் முதுகைப் பசித்த எலி ஓரிரவில் எலும்பு தெரியுமளவுக்குக் கடித்துக் குதறிவிடும். கொன்ற இரையையே நீண்ட இடுக்கியால் பிடித்து நீட்டுவது பாம்புக்கும் நல்லது, விரலுக்கும் நல்லது.

இனிப் புனேயின் குளிரைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற வேண்டும். தமிழ்நாட்டுக் கடற்கரை நகரங்களிலிருந்து வந்தோர் இங்கே முதல் ஆண்டில் இதனை எதிர்பார்ப்பதில்லை. மார்கழி தை மாதங்களில் இந்நகரின் இரவு வெப்பம் பத்துப் பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. நம் உடலின் சூட்டை நாமே உண்டாக்கிக் காத்துக்கொள்கிறோம். பாம்போ சுற்றுப்புறத்தின் சூட்டையே கடன் வாங்கி வாழ்கிறது. இரையைச் செரிப்பது அதற்குப் பெருவேலை. பர்மிய மலைப்பாம்பை ஆராய்ந்த அறிவியலார், பெரிய இரை விழுங்கிய இரண்டு நாளில் அதன் இதயமே நாற்பது விழுக்காடு பருக்கக் கண்டனர். இத்துணை உழைப்புக்கும் வெப்பம் வேண்டும். வெப்பம் குறைந்தால் செரிமானம் நின்றுபோகும்; முழு எலி வயிற்றுக்குள்ளேயே அழுகும்; பாம்பு அதனைக் கக்கிவிடும், அல்லது அதனாலேயே மடியும். ஆகவே கூண்டின் ஒரு பக்கம் பால் பைத்தானுக்கு 31 முதல் 33 பாகையும், கார்ன் ஸ்நேக்குக்கு 28 முதல் 30 பாகையும் இருக்குமாறு வெப்பத்தகடு பொருத்தி, அதனைத் தெர்மோஸ்டாட் கருவியினால் கட்டுப்படுத்த வேண்டும். மறுபக்கம் குளிர்ச்சியாக இருக்கட்டும். வேண்டிய இடத்தைப் பாம்பே தேர்ந்துகொள்ளும். குளிர்கால இரவில் மின்சாரம் நின்றுவிடும் என்ற ஐயம் இருந்தால் அன்று இரை வேண்டாம். இரையிட்ட பின் இரண்டு நாள் வரை பாம்பைக் கையில் எடுத்தலும் கூடாது. வந்த விருந்தினர்க்குக் காட்டவேண்டுமென்று எடுத்து, மடியிலே எலியைக் கக்கவைத்துக்கொண்டோர் உண்டு.

கக்கிவிட்டால் என்ன செய்வது? உடனே மறுபடியும் ஊட்டக்கூடாது. இதுவே அனைவரும் தடுமாறும் இடம். பாவம், வயிறு காலியாயிற்றே என்று இரங்கி அன்றே மற்றோர் எலியைக் கொடுத்தால் அதனையும் கக்கும். ஒவ்வொரு முறையும் செரிமான நீரும் உடலின் ஈரமும் வெளியேறி உணவுக்குழல் புண்ணாகும். கூண்டைத் தூய்மை செய்து, நல்ல தண்ணீர் வைத்து, வெப்பத்தைச் சரிபார்த்து, இரண்டு வாரம் தொடாமல் விட்டுவிட வேண்டும். பின்னர் வழக்கமான இரையில் பாதியளவுள்ள சிறியதொன்றைக் கொடுத்துப் பார்க்கலாம். இரண்டாம் முறையும் கக்கினால் ஊர்வனவற்றை அறிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்வதே வழி.

பாம்பு உண்ண மறுப்பது கக்குவதினின்றும் வேறு. தோலுரிக்கும் முன் கண் மங்கிய நாள்களில் அது உண்ணாது. புதிய இடத்தில் சில வாரம் உண்ணாது. வளர்ந்த பால் பைத்தான் ஆண்டில் சில மாதம் வாய் திறவாமலே இருந்து, எடையும் குறையாமல், பின்னர் ஒன்றுமே நடவாததுபோல் உண்ணத் தொடங்கும். எடையை மாதந்தோறும் நிறுத்துக் குறித்துவருவோர் வீணே கவலைப்பட மாட்டார்கள். வாயைப் பிளந்து வலிந்து ஊட்டுவது மருத்துவர் மட்டுமே செய்யத்தக்க செயல்.

இரண்டு பாம்புகளை ஒரே கூண்டில் வைத்து இரையிடுவோர் ஒரு நாள் வருந்துவர். ஒரே எலியின் இரு முனைகளையும் இரண்டும் பற்றினால், பின்வளைந்த பற்களால் எதுவும் விட முடியாமல், வலியது எலியையும் அதனோடு மெலியதையும் சேர்த்தே விழுங்கக்கூடும். கூண்டுத் தரையில் மரத்தூளோ மணலோ பரப்பியிருந்தால் இரையுடன் ஒட்டி வாய்க்குள் போகும். இரையிடும் நாளில் செய்தித்தாளை விரித்தல் நலம். நாரோ தாளோ வாயோரத்தில் தொங்கக் கண்டால் பிடித்து இழுக்க வேண்டாம். விழுங்கி முடிக்க விடுவதே நன்று. பெரிய பொருளாயின் மருத்துவரைத் தேட வேண்டும்.

எலியின் மணம் கையில் இருக்கும்போது கூண்டுக்குள் கை விட்டால் பாம்பு கையைக் கவ்வும். அது பகைமையன்று, கையும் எலியும் அதற்கு ஒன்றாகவே மணக்கின்றன. கவ்வியதும் நாம் வெடுக்கென்று கையை இழுப்போம். அதுதான் தீங்கு. வளைந்த பற்கள் தோலைக் கிழிக்கும். பற்களும் முறிந்து புண்ணில் தங்கும். பாம்பின் தாடையும் கெடும். சிறிது பொறுத்தால் பெரும்பாலும் தானே விட்டுவிடும். விடாவிட்டால் தலைமீது குளிர்ந்த நீரைப் பாய்ச்ச வேண்டும். அதற்கும் விடாவிட்டால் வாயோரத்தில் சில துளி சாராயநீர்மத்தை, கைகழுவும் தெளிவான கிருமிநாசினியாயினும் சரி, தொட்டுவைத்தால் அச்சுவை பொறாமல் வாயைத் திறக்கும். கையைச் சுற்றி இறுக்கியிருந்தால் வால் முனையிலிருந்து பிரிக்கத் தொடங்க வேண்டும். நடுவில் பிடித்து மல்லுக்கட்டினால் இன்னும் இறுகும். பிறகு புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு நன்கு கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு காலம் கடந்துவிட்டதா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். மூன்று மீட்டரை நெருங்கும் மலைப்பாம்புக்குத் தனியாளாக இரையிடலாகாது; பக்கத்தில் உதவிக்கு ஒருவர் எப்போதும் இருத்தல் வேண்டும்.

ஊர்வனவற்றின் குடலில் சால்மொனெல்லா என்னும் கிருமி இயல்பாகவே வாழ்கிறது. அது பாம்பை வருத்துவதில்லை. மனிதர்க்குக் கடும் வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் தரும். சமையலறைத் தொட்டியில் பாம்பின் நீர்க்கிண்ணத்தைக் கழுவும் வீட்டில் இது எளிதாகப் பரவும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோ, கருவுற்ற பெண்ணோ, நோயால் மெலிந்த முதியவரோ உள்ள இல்லத்தில் பாம்பு வளர்ப்பதை நாம் ஒப்பவே மாட்டோம்.

இரையிடுதல் குற்றத்துக்குத் துணைபோகும் இடமும் ஒன்று உண்டு. மாண்டூள் என்னும் மண்ணுளிப்பாம்பின் வால் தலைபோல் மழுங்கியிருப்பதால் 'இருதலைப் பாம்பு' என்று பேர் பெற்றது. அது வீட்டில் இருந்தால் புதையல் கிட்டும், நோய் நீங்கும் என்று புனைந்துரைத்து இலட்சக்கணக்கில் விலை பேசும் கூட்டங்கள் மகாராஷ்டிரத்திலும் தென்னாட்டிலும் அடிக்கடி பிடிபடுகின்றன. எடைக்கேற்ப விலை என்பதால் அந்த அமைதியான உயிருக்கு வலிந்து ஊட்டி எடை ஏற்றும் கொடுமையும் நடக்கிறது. தமிழ் பேசும் தரகன் ஒருவன் ஊர்ப்பாசத்தைக் காட்டி நம் வீட்டுத் திண்ணைக்கே வந்து இதைப் பேசினாலும், அவன் விற்பது சிறைவாசத்தை என்று கொள்க.

கூண்டில் வளர்ப்போர் மிகச் சிலரே. ஆனால் நம்மில் பலரும் அறியாமலே பாம்புக்கு இரையிட்டு வருகிறோம். மாடியில் புறாவுக்குத் தூவிய தானியம், வாயிலில் இரவெல்லாம் கிடக்கும் குப்பைக்கூடை, பின்புறம் குவித்த பழஞ்சாமான். இவை எலிக்கு விருந்து. எலியின் பின்னே நாகமும் கோணஸும் வருகின்றன. ஆடி ஆவணி மழையில் வளைகள் நீரில் மூழ்கும்போது காத்ரஜ், சிங்கட் சாலை, பாஷாண் முதலிய குன்றோரக் குடியிருப்புகளில் அவை வீட்டினுள் நுழைவதும் உண்டு. அப்படி வந்ததைச் சாடியில் அடைத்துப் பாலோ முட்டையோ இறைச்சியோ ஊட்ட முயல வேண்டாம். தள்ளி நின்று, பாம்பின்மேல் கண் வைத்துக்கொண்டு, மகாராஷ்டிர வனத்துறையின் 1926 என்ற எண்ணை அழைத்தால் பயிற்சி பெற்ற சர்ப்பமித்ரரை அனுப்புவார்கள். வந்தது சற்றுமுன் இரை விழுங்கிய பாம்பாயின், விரட்டும் பரபரப்பில் அது இரையைக் கக்கி உடலை இலேசாக்கிக்கொண்டு ஓடப் பார்க்கும். அதனைக் கண்டு 'குட்டி போடுகிறது' என்று கூட்டம் கூடுவது வழக்கம். கூட்டத்தை விலக்குவதே முதல் வேலை.

நச்சுப்பாம்பு கடித்துவிட்டால் இறுகக் கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல், பனிக்கட்டி வைத்தல் ஆகிய நான்கும் விலக்கத்தக்கவை. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் இவற்றைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை முறிந்த எலும்புக்குச் செய்வதுபோல் பலகை வைத்து அசையாமற் கட்டி, 108 ஊர்தியிலோ கிடைத்த வண்டியிலோ மருத்துவமனை சேர்க்க வேண்டும். நோயாளியை நடக்கவிடலாகாது. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குவோரையே கடிக்கும். வலி இராது, பல் தடமும் தெரியாது. விடியலில் வயிற்றுவலியும் இமை தொங்குதலும் கண்டால் ஐயுற வேண்டும். மருத்துவர் நோயாளியின் குருதியைக் கண்ணாடிக் குழாயில் இட்டு இருபது நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்ப்பர். உறையாவிட்டால் விரியன் நஞ்சு என்பதற்கு அது சான்று. நான்கு பாம்புகளுக்கும் பொதுவான முறிமருந்து ஒன்றே. குதிரையின் குருதியிலிருந்து அதனை எடுக்கின்றனர். அதற்கு வேண்டும் நஞ்சின் பெரும்பகுதி, செங்கற்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில் 1978இல் தோன்றிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தாரின் கைகளால் கறக்கப்பட்டு நாடெங்கும் செல்கிறது. அச்சங்கத்தின் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். புனே மருத்துவமனையில் உயிர் பிழைக்கும் மராட்டிய உழவனின் நரம்பில் ஏறும் மருந்துக்கு மூலமான நஞ்சும் அவ்வூர் மண்பானையிலிருந்த பாம்பினிடம் கறந்ததாக இருக்கலாம். 2000 முதல் 2019 வரை இந்நாட்டில் ஏறத்தாழப் பன்னிரண்டு இலட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று 2020இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. ஆண்டுக்குச் சராசரி 58,000. அவர்களுள் மிகுதியானோர் சிற்றூர்களில், மழைக்காலத்தில், மருத்துவமனை சேருமுன்பே இறந்தோர். அரசு மருத்துவமனைகளில் முறிமருந்துக்குக் கட்டணம் இல்லை. அருகில் எந்த மருத்துவமனையில் அது இருப்பில் உள்ளது என்பதை மழை தொடங்குமுன் கேட்டறிந்து, 1926, 108 ஆகிய எண்களுடன் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுக.